கேளுங்க சொல்றேன்: இந்த தடவை முழுக்க எடி கொய்ல்

போன இதழ்ல ஒரு வாசகர், “எல்லாரும் சொல்ற பத்து படத்தையே திரும்பத் திரும்ப சொல்லாம, பெருசா யாரும் பேசாத ஒரு க்ரைம் படம் சொல்லுங்க, டிஸ்க் வாங்கி வச்சுக்குற மாதிரி இருக்கணும்”னு கேட்டிருந்தாரு. நான் 1973-ல வந்த ‘தி ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் எடி கொய்ல்’னு பேரை மட்டும் போட்டு, ராபர்ட் மிச்சம் நடிச்சது, தேடிப் பாருங்கன்னு ரெண்டு வரில முடிச்சிருந்தேன். அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. அதனால இந்த தடவை வேற எந்தப் படமும் இல்ல, இது ஒண்ணு தான். முடிவு பத்தி பேசுற எடத்துல முன்னாடியே சொல்லிடுறேன், படம் பாக்காதவங்க அதைத் தாண்டிப் போயிடுங்க.

கே: முதல்ல கதை என்னன்னு சொல்லுங்க, முடிவைச் சொல்லாம.

ப: அமெரிக்கால பாஸ்டன் நகரம். எடி கொய்ல்னு அம்பது தாண்டின ஒருத்தன், பொண்டாட்டி, மூணு புள்ளைங்க, சாதாரண வீடு. தொழில்னு பாத்தா திருட்டுக் கும்பலுக்கு துப்பாக்கி வாங்கிக் குடுக்குற இடைத்தரகன். தலைவனும் இல்ல, தளபதியும் இல்ல, அந்த உலகத்துல கடைசிப் படில நிக்குறவன். திருட்டு சரக்கு ஏத்தின லாரியை ஓட்டினதுக்காக பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர்ல மாட்டி, தண்டனைக்காக காத்துட்டு இருக்கான். இந்த வயசுல திரும்ப ஜெயிலுக்குப் போனா பொண்டாட்டி அரசாங்க உதவிப் பணத்துல நிக்கணும், புள்ளைங்களை ஸ்கூல்ல மத்த பசங்க கேலி பண்ணுவாங்க, அது தான் அவனுக்கு பயம். அதனால ஃபோலிங்குற ஃபெடரல் ஏஜென்ட்கிட்ட, எனக்காக அங்க ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க, நான் உங்களுக்கு ஒரு ஆளைக் காட்டிக் குடுக்குறேன்னு பேரம் பேச ஆரம்பிக்குறான். அவ்ளோ தான் கதை. ஒருத்தன் கொஞ்சம் கொஞ்சமா தன்கிட்ட இருக்குறதை எல்லாம் வித்துப் பாக்குறான், விக்க விக்க விலை போதலன்னு சொல்லிட்டே இருக்காங்க.

கே: நீங்க சொன்னீங்களேன்னு பாத்தேன். முக்கால்வாசி நேரம் ரெண்டு பேர் உக்காந்து பேசிட்டே இருக்காங்க. இதுல க்ரைம் எங்க இருக்கு?

ப: அந்தப் பேச்சு தாங்க க்ரைம். இதை நான் அழுத்தி சொல்லணும், ஏன்னா இந்தப் படத்தை நிறைய பேர் பாதில விடுறது இந்த ஒரு காரணத்துக்காகத் தான். இங்க யாரும் சும்மா பேசல, ஒவ்வொரு பேச்சும் ஒரு வியாபாரம். ஒருத்தன் வாங்குறான், ஒருத்தன் விக்குறான், சில சமயம் துப்பாக்கி, சில சமயம் இன்னொரு மனுஷன்.

ஆரம்பத்துலயே எடி ஒரு சாப்பாட்டுக் கடைல ஜாக்கி பிரவுன்னு ஒரு சின்ன வயசு துப்பாக்கி வியாபாரி முன்னாடி உக்காந்திருப்பான், அந்த சீனை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்க. பையன் திமிரா இருக்கான், எனக்கு எல்லாம் தெரியும்ங்குற மாதிரி. எடி தன் கையைக் காட்டி விரல் முட்டிகளை எண்ணச் சொல்றான், மத்தவங்களுக்கு இருக்குறதை விட எனக்கு இன்னொரு வரிசை கூட இருக்குன்னு சொல்றான். என்ன ஆச்சுன்னா, இவன் ஒரு தடவை யாருக்கோ வாங்கிக் குடுத்த துப்பாக்கி எங்கேர்ந்து வந்ததுன்னு போலீஸ் கண்டுபிடிச்சுடுச்சு, அதை வாங்கினவன் ஜெயிலுக்குப் போயிட்டான், போனவனுக்கு வெளில கூட்டாளிங்க இருந்தாங்க. அவங்க வந்து இவன் கையை ஒரு மேஜை ட்ராயருக்குள்ள வைக்கச் சொல்லி, ட்ராயரை காலால எட்டி உதைச்சு மூடிட்டாங்க. எடியா நடிச்ச ராபர்ட் மிச்சம் இதை சொல்ற விதத்தை கவனிங்க. கத்தல் கிடையாது, மிரட்டல் கிடையாது, அவங்க மேல கோவம் கூட கிடையாது, தொழில்ல தப்பு நடந்தா யாராவது பதில் சொல்லணும், அன்னிக்கு அது நான், அவ்ளோ தான்ங்குற மாதிரி நிதானமா சொல்றாரு. எதிர்ல இருக்குற பையன் முகம் மெதுவா மாறும். ஒரு அடி, ஒரு குத்து இல்லாம இந்த உலகத்தோட சட்டம் என்னன்னு அந்த ஒரு சீன்ல நமக்குப் புரிஞ்சுடுது, அதுக்கப்புறம் படத்துல யாரு யார்கிட்ட எதைச் சொன்னாலும் நமக்கு அந்த ட்ராயர் ஞாபகம் வரும்.

அதனால மொபைலை நோண்டிட்டே பாக்குற படம் இல்ல இது. ஒரு ராத்திரி ஒதுக்கி, சப்டைட்டில் போட்டுப் பாருங்க. 102 நிமிஷம் தான்.

கே: ராபர்ட் மிச்சம்னா 50-கள்ல வில்லனா கலக்கினவர் தானே? இதுல ஏன் இவ்ளோ அடக்கமா பண்ணிருக்காரு?

ப: அவரே தான். 1947-ல ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’, 1955-ல ‘தி நைட் ஆஃப் தி ஹன்டர்’, 1962-ல ‘கேப் ஃபியர்’, இதெல்லாம் பாத்தவங்களுக்கு மிச்சம்னா ரூமுக்குள்ள நுழைஞ்சாலே ஒரு பயம் வரும். எடி கொய்ல் பண்ணும்போது அவருக்கு 55 வயசு. அந்த பெரிய உடம்பு, தூக்கம் வழியுற கண்ணு, ஆழமான குரல் எல்லாம் அப்படியே இருக்கு, ஆனா அதுல இருந்த மிரட்டலை மட்டும் எடுத்து வச்சுட்டு நடிச்சிருக்காரு. நடை தளர்ந்த நடை, தோள் இறங்கின தோள். வீட்டுல பொண்டாட்டிகிட்ட பேசுற சீன்ல அவர் ஒரு குடும்பஸ்தன், புள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வேலைக்குப் போற எந்த அப்பாவும் மாதிரி தான் இருக்காரு. ஸ்டாரா இருந்த ஒருத்தர் ஸ்டாருக்கான எந்த சலுகையும் வேணாம்னு விட்டுக் குடுத்தா என்ன கிடைக்கும்ங்குறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டா அவரோட பெஸ்ட் இது தான்.

இன்னொண்ணு, படத்துல அவர் இல்லாத சீன்கள் நிறைய. பேரு அவர் பேரு, ஆனா கதை அவரைச் சுத்தி இருக்குறவங்க கைல ஓடுது. அவருக்குத் தெரியாம, அவர் முதுகுக்குப் பின்னாடி. அது வேணும்னே பண்ணது.

கே: அந்த பேங்க் கொள்ளை சீன் பாத்து கை வேர்த்துடுச்சு. ஒரு துப்பாக்கி வெடிக்கல, ஆனா எப்படி அவ்ளோ டென்ஷன்?

ப: நல்ல கேள்வி, இதை யாராவது கேக்கணும்னு இருந்தேன். படமே அதுல தான் ஆரம்பிக்குது. ஒரு பேங்க் மேனேஜர் காலைல வீட்டை விட்டுக் கிளம்பி வேலைக்குப் போறாரு, யாரோ சில பேர் தூரத்துலேர்ந்து பாத்துட்டு இருக்காங்க. வசனமே இல்ல, நமக்கும் ஒண்ணும் புரியாது. அப்புறம் தான் தெரியும், ஸ்கலீஸ்ங்குறவனோட கும்பல் அவரோட டைம்டேபிளைப் படிச்சுட்டு இருக்குன்னு.

அவங்க முறை என்னன்னா, பேங்க்குக்குள்ள துப்பாக்கியைத் தூக்கிட்டு ஓடி வர்றது இல்ல. காலைல மேனேஜர் வீட்டுக்குள்ள நுழைஞ்சு குடும்பத்தைப் பிடிச்சு வச்சுக்குறாங்க, ஒருத்தன் வீட்டுலயே இருக்கான், மத்தவங்க மேனேஜரைக் கூட்டிட்டு பேங்க்குக்குப் போறாங்க. வால்ட்டுக்கு டைம் லாக் இருக்கு, குறிப்பிட்ட நேரம் வரைக்கும் யார் நினைச்சாலும் திறக்காது, மேனேஜரே நினைச்சாலும் திறக்காது. அதனால எல்லாரும் காத்துட்டு இருக்கணும். முகமே அழிஞ்சு போன மாதிரி ஒரு முகமூடி போட்டுட்டு கொள்ளைக்காரங்க அமைதியா நிக்குறாங்க, மேனேஜர் தன்கிட்ட வேலை பாக்குறவங்ககிட்ட தன் குடும்பம் அவங்க கைல இருக்குன்னு சொல்லி, அவங்க சொல்றபடி நடந்துக்கங்கன்னு கேட்டுக்குறாரு. டென்ஷன் அந்தக் காத்திருப்புல இருக்கு. வேற டைரக்டரா இருந்தா கடிகாரத்தை நாலு தடவை க்ளோசப்ல காட்டி, மியூசிக்கை ஏத்தி விட்டிருப்பாரு. பீட்டர் யேட்ஸ் அதெல்லாம் பண்ணல, ஒரு வேலை நடக்குறதை எப்படிப் பாப்போமோ அப்படிப் பாக்க வைக்குறாரு. முடிஞ்சதும் மேனேஜரைக் கண்ணைக் கட்டி கார்ல கூட்டிட்டுப் போய் ஆள் இல்லாத எடத்துல இறக்கி விட்டுடுறாங்க.

இதுக்கும் எடிக்கும் என்ன சம்பந்தம்னா, ஒவ்வொரு கொள்ளைக்கும் அவங்களுக்குப் புது துப்பாக்கி வேணும், பழசைத் தூக்கிப் போட்டுடுவாங்க, ஏன்னா ஒரு துப்பாக்கி ரெண்டு சம்பவத்தை சேத்து வச்சுடக்கூடாது. அந்தப் புது துப்பாக்கியைக் கொண்டு வர்றவன் எடி. அடுத்த கொள்ளைல பேங்க்ல வேலை பாக்குற ஒருத்தர் அலாரத்தை அமுக்கிடுறாரு, அங்க வெடிக்குது. அது வரைக்கும் ஒழுங்கா ஓடின மெஷின்ல அன்னிக்கு ரத்தம் விழுந்துடுது, எடி கொண்டு வந்து குடுத்த பொருளால.

கே: இதே டைரக்டர் தான் ‘புல்லிட்’ எடுத்தாராமே? அந்த கார் சேஸ் எடுத்தவர் இதுல ஒரு சேஸ் கூட வைக்கலயே?

ப: ஆமா, அதே பீட்டர் யேட்ஸ். இங்கிலாந்துக்காரர். 1968-ல ‘புல்லிட்’ல சான் ஃபிரான்சிஸ்கோ மேடு பள்ளத்துல ஸ்டீவ் மெக்வீன் காரை ஓட விட்டு உலகத்தையே திரும்பிப் பாக்க வச்சவர். அஞ்சு வருஷம் கழிச்சு இதை எடுக்கும்போது கார் நிறைய இருக்கு, ஆனா எல்லாம் நிக்குற கார். பார்க்கிங் லாட்ல நிக்குற கார், ரயில்வே ஸ்டேஷன் வெளில நிக்குற கார், உள்ள உக்காந்து பேசுறதுக்கான கார். ஜாக்கி பிரவுன் ஓட்டுறது பிளைமவுத் ரோட் ரன்னர், அந்தக் காலத்துல வேகத்துக்குப் பேர் போன வண்டி. அவனைப் பிடிக்கிற சீன்ல ‘புல்லிட்’ மாதிரி ஒண்ணு வரப் போகுதுன்னு நாம எதிர்பாப்போம், ஆனா அந்த வண்டியால பார்க்கிங் லாட்டைத் தாண்ட முடியல. தனக்கு எது நல்லா வரும்னு ஊருக்கே தெரிஞ்ச ஒண்ணை, கதைக்கு வேணாம்னு ஒதுக்கி வைக்குறதுக்கு ஒரு தைரியம் வேணும். எனக்கு யேட்ஸ் மேல மரியாதை வந்தது இந்தப் படத்தால தான்.

கே: பாட்டு, மியூசிக் எப்படி?

ப: டேவ் க்ரூசின். ஜாஸும் ஃபங்க்கும் கலந்த மாதிரி, அளவா வரும். பேச்சு நடக்கும்போது குறுக்க வராது.

கே: இவ்ளோ நல்ல படம்னா ஏன் அப்போ ஓடல?

ப: இதுக்கு ஒரே ஒரு காரணம்னு சொல்ல முடியாது, ஆனா அந்தக் காலத்தைக் கொஞ்சம் பாருங்க. இதை ரிலீஸ் பண்ணது பாராமவுன்ட். அதே பாராமவுன்ட் ஒரு வருஷம் முன்னாடி, 1972-ல ‘தி காட்ஃபாதர்’ குடுத்திருக்கு. அதைப் பாத்த ஜனங்களுக்கு தாதான்னா ஒரு கம்பீரம், குடும்பம், விசுவாசம், இருட்டு ரூம்ல நாற்காலில உக்காந்து நியாயம் சொல்ற ஒரு பெரிய மனுஷன். அந்த ருசி நாக்குல இருக்கும்போது, ப்ளாஸ்டிக் டேபிள் போட்ட கடைல காபி குடிச்சுட்டு தன் கூட்டாளியைப் போலீஸ்ல போட்டுக் குடுக்கலாமா வேணாமான்னு யோசிக்குற ஒரு கெழவனை யாரு காசு குடுத்துப் பாப்பாங்க. இத்தனைக்கும் விமர்சகர்கள் கைவிடல, ரோஜர் ஈபர்ட் அப்பவே முழுசா நாலு ஸ்டார் குடுத்தாரு. தியேட்டர்ல கூட்டம் இல்ல, அவ்ளோ தான்.

இதுல ஒரு விஷயம், ஸ்கலீஸா வர்ற அலெக்ஸ் ராக்கோ தான் ‘தி காட்ஃபாதர்’ல மோ க்ரீனா வந்தவரு. மசாஜ் டேபிள்ல படுத்திருக்கும்போது மூக்குக்கண்ணாடி வழியா சுடுவாங்களே, அவரே. ரெண்டு படத்துலயும் அவரைப் பாத்தீங்கன்னா ரெண்டு உலகத்துக்கும் உள்ள தூரம் தெரியும்.

கே: முடிவு எனக்குப் புரியல. ஸ்கலீஸ் கும்பலைக் காட்டிக் குடுத்தது யாரு? (படம் பாக்காதவங்க இந்தக் கேள்வியையும் அடுத்ததையும் தாண்டிப் போங்க)

ப: டில்லன். பார் வச்சு நடத்துற, எல்லார்கிட்டயும் நல்லபடியா பேசுற, எடிக்கு சரக்கு ஊத்திக் குடுக்குற டில்லன். பீட்டர் பாயில் நடிச்சது. அவன் ரொம்ப நாளா ஃபோலிக்கு தகவல் குடுத்துட்டு இருக்குற ஆளு. எடி யோசிச்சு யோசிச்சு, மனசு ஒப்பாம, கடைசில ஸ்கலீஸைக் குடுத்துடலாம்னு முடிவு பண்ணி ஃபோலிகிட்ட வரும்போது சரக்கு ஏற்கனவே வேற கைல வித்தாச்சு. அவங்களைப் பிடிச்சாச்சு. எடிக்கு ஒண்ணும் கிடைக்கல. ஆனா வெளில எல்லாரும், எடிக்கு கேஸ் இருக்கு, அவன் தான் பயந்து சொல்லிருப்பான்னு நம்புறாங்க. அவனைக் கொல்லச் சொல்லி வேலை வருது. யாருக்கு வருதுன்னா, டில்லனுக்கு. செஞ்சவன் கைலயே, செய்யாதவனைத் தீர்க்குற வேலை.

அந்த ராத்திரி டில்லன் எடியைக் கூட்டிட்டுப் போறது பாஸ்டன் கார்டன்ல ஐஸ் ஹாக்கி மேட்ச்சுக்கு. ப்ரூயின்ஸ் டீம், நாலாம் நம்பர் போட்ட பாபி ஓர் ஆடுறாரு. படம் எடுத்த 1972-ல ஓருக்கு 24 வயசு, ஊரே கொண்டாடின ஆளு. எடி பியர் குடிச்சுட்டு, குழந்தை மாதிரி சந்தோஷமா, இந்தப் பையனுக்கு எப்பேர்ப்பட்ட எதிர்காலம் இருக்குன்னு சொல்லி ரசிக்குறான். பக்கத்துல உக்காந்திருக்குறவன் எதுக்கு டிக்கெட் வாங்கினான்னு நமக்குத் தெரியும், எடிக்குத் தெரியாது. மிச்சம் அந்த வரியை எந்த சோகமும் இல்லாம சொல்றாரு, மனசார சொல்றாரு. எனக்கு இதுக்கு மேல கொடூரமான ஒரு சீன் க்ரைம் படங்கள்ல பாத்த ஞாபகம் இல்ல, அதுல யாரும் யாரையும் தொடக்கூட இல்ல.

இதனால தான் இந்தப் படத்தை டிஸ்க்கா வச்சுக்கணும்னு சொல்றேன். முதல் தடவை நீங்க எடியைப் பாப்பீங்க. ரெண்டாவது தடவை எடியை விட்டுட்டு டில்லனை மட்டும் பாருங்க. அவன் எப்போ காது குடுக்குறான், எப்போ கிளாஸைத் துடைக்குற மாதிரி திரும்பிக்குறான், எடி உளறுறதுல எதை எடுத்து வச்சுக்குறான். பீட்டர் பாயில் ஒரு எடத்துலயும் பாத்துக்கோ நான் துரோகின்னு நடிச்சுக் காட்டல. முதல் தடவை சும்மா போன சீன் எல்லாம் இப்போ வேற சீனா தெரியும். தியேட்டர்ல ஒரு தடவை பாத்துட்டுப் போனவங்களுக்கு 1973-ல இந்த வசதி இல்ல.

கே: போலீஸுக்கு ஆள் காட்டுறவனே கொலையும் பண்றான், போலீஸும் கண்டுக்காம விடுது. இது சினிமாவுக்காக பண்ணது தானே?

ப: இல்லீங்க. இந்தப் படத்துக்கு மூலமான நாவலை எழுதினவர் ஜார்ஜ் வி. ஹிக்கின்ஸ், பாஸ்டன் இருக்குற மாசசூசெட்ஸ் மாநிலத்துல அரசு வக்கீலா வேலை பாத்தவரு. திருடங்க பேசுறதையும் போலீஸ் பேசுறதையும் காதால கேட்டு வளந்த எழுத்து. படம் வந்து ரெண்டு வருஷம் கழிச்சு, 1975-ல, அதே பாஸ்டன்ல ஜேம்ஸ் வைட்டி பல்ஜர்ங்குற தாதா எஃப்பிஐ-க்கு தகவல் குடுக்குற ஆளா ஆனான். தகவல் குடுத்துட்டே கொலையும் பண்ணான், அவனைக் கவனிச்சுக்க வேண்டிய எஃப்பிஐ அதிகாரியே அவனைக் காப்பாத்தினாரு, அந்த அதிகாரி பின்னாடி ஜெயிலுக்குப் போனாரு. பல்ஜர் பல வருஷம் தலைமறைவா இருந்து 2011-ல கலிஃபோர்னியால மாட்டினான், 2013-ல பதினொரு கொலைல பங்கு இருக்குன்னு தீர்ப்பாச்சு. படத்தோட கடைசில பாஸ்டன் சிட்டி ஹால் முன்னாடி இருக்குற பெரிய வெட்டவெளில ஃபோலியும் டில்லனும் நின்னு பேசிட்டுப் பிரிவாங்க, ஃபோலிக்கு ஏதோ புரிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா கேக்க மாட்டான். தகவல் வர்ற வரைக்கும் கேக்காம இருக்குறது தான் அவனுக்கு லாபம். பல்ஜர் விஷயம் கோர்ட்டுக்கு வந்தப்போ ஊரே அதிர்ச்சியாச்சு, இந்தப் படம் பாத்தவங்களுக்கு அந்தப் பேரம் எப்படி நடக்கும்னு முன்னாடியே தெரியும்.

கே: எந்த டிஸ்க் வாங்குறது? டிவிடியா ப்ளூ-ரேயா?

ப: இந்தப் படம் டிவிடில வந்ததே 2009-ல தான், க்ரைட்டீரியன் கம்பெனி போட்டது. படம் வந்து முப்பத்தாறு வருஷம் கழிச்சு. டிவிடி காலம் உச்சத்துல இருந்தப்போ கண்ட படமெல்லாம் கடைல கிடைச்சுது, இது கிடைக்கல. அதே கம்பெனி 2015-ல ப்ளூ-ரேயும் போட்டாங்க. ரெண்டுல எது கைக்கு வருதோ பாருங்க, ஆனா சாய்ஸ் இருந்தா ப்ளூ-ரே. காரணம் சும்மா ஷார்ப்பா தெரியும்ங்குறதுக்காக இல்ல. விக்டர் ஜே. கெம்பர் ஒளிப்பதிவு பண்ண படம் இது, ரெண்டு வருஷம் கழிச்சு ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ ஒளிப்பதிவு பண்ணவரும் அவரே. எல்லாம் நிஜ எடம், இலையுதிர் காலத்து மங்கல் வெளிச்சம், இருட்டு பார், கார் உள்ளே நிழல். பழுப்பு, சாம்பல், மங்கின பச்சை, இந்த மூணு கலர்ல தான் முக்கால்வாசிப் படம். டிவிடில இருக்குறது 480 வரி, இந்த மாதிரி மங்கின கலர் எல்லாம் அதுல ஒண்ணோட ஒண்ணு குழைஞ்சு போகும். ப்ளூ-ரேல 1080 வரி, இருட்டுக்குள்ளயும் மிச்சம் முகத்துல இருக்குற பள்ளம் மேடு தெரியும். இந்தப் படத்துக்கு அது முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. டிஸ்க் எந்தப் பகுதி ப்ளேயர்ல ஓடும்னு ஒரு பூட்டு இருக்கும், அது தான் ரீஜன். க்ரைட்டீரியன் ப்ளூ-ரே ரீஜன் ஏ. அது அமெரிக்கா, ஜப்பான், கொரியா பக்கத்துக்கானது. ஐரோப்பா ரீஜன் பி, தெற்காசியா ரீஜன் சி. உங்க ப்ளேயர் எந்த ரீஜன்னு பாக்காம வாங்கிட்டு, டிஸ்க் ஓடலன்னு சொன்னா டிஸ்க் மேல தப்பு இல்ல. மல்டி ரீஜன் ப்ளேயரா இருந்தா பிரச்சனையே இல்ல.

கே: ப்ளூ-ரேல படம் முழுக்க புள்ளி புள்ளியா இருக்கு, சவுண்டும் நடுவுல மட்டும் தான் வருது. டிஸ்க் மோசமா?

ப: ரெண்டுமே அப்படித் தான் இருக்கணும். புள்ளின்னு நீங்க சொல்றது க்ரெய்ன், அதாவது ஃபிலிம்லயே இருக்குற பொடிப் பொடி மணிகள், கம்மி வெளிச்சத்துல எடுத்த ஃபிலிம்ல அது கூடவே தெரியும். அதை சாஃப்ட்வேர் வச்சு அழிச்சா கூடவே தோலோட அமைப்பும் அழிஞ்சு முகமெல்லாம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிடும். சவுண்டு மோனோ, அதாவது எல்லா சத்தமும் ஒரே சேனல்ல, 1973-ல அப்படித் தான் மிக்ஸ் பண்ணாங்க. உங்க டிவில ஷார்ப்னஸ், நாய்ஸ் ரிடக்ஷன், மோஷன் ஸ்மூத்திங் மூணையும் ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தடவை பாருங்க. ஆம்ப்ளிஃபையர்ல செயற்கையா சரவுண்டு போடுற மோடையும் எடுத்துடுங்க, பேச்சு தெளிவா கேக்கும்.

கே: ஐரோப்பால வந்த பழைய பட டிவிடி எல்லாம் கவர்ல போட்டதை விட நாலு நிமிஷம் கம்மியா ஓடுதே, வெட்டிடுறாங்களா?

ப: பெரும்பாலும் வெட்டல. ஃபிலிம் செகண்டுக்கு 24 ஃப்ரேம், அங்க இருந்த PAL-ங்குற டிவி முறை 25 ஃப்ரேம். அப்படியே வேகமா ஓட்டிடுவாங்க, 102 நிமிஷப் படம் 98-ல முடிஞ்சுடும், குரலும் லேசா கீச்சுன்னு ஆகும். மிச்சம் மாதிரி கனமான குரல் இருக்குறவருக்கு இது அநியாயம். ப்ளூ-ரேல இந்தத் தொல்லை பொதுவா இல்ல.

கே: டிஸ்க்ல எக்ஸ்ட்ரா என்ன இருக்கு? காசுக்கு தகுதியா?

ப: எண்ணிக்கைல பாத்தா கம்மி தான், ஸ்டில்ஸ் கேலரி, ஒரு புக்லெட், ஒரு கமென்டரி (படம் ஓடும்போதே கூட வர்ற விளக்கப் பேச்சு). ஆனா அந்த கமென்டரி பண்ணது பீட்டர் யேட்ஸ். அவர் 2011-ல காலமாயிட்டாரு. மிச்சம் 1997-லயே போயிட்டாரு, ஹிக்கின்ஸ் 1999-ல. அந்த டிவிடி இன்னும் ரெண்டு மூணு வருஷம் தள்ளிப் போயிருந்தா இந்தப் படத்தை எடுத்தவரோட குரல்ல ஒரு முழு நீளப் பதிவு நமக்கு கிடைச்சே இருக்காது. ஹோம் வீடியோங்குறது படம் விக்குறது மட்டும் இல்ல, இந்த மாதிரி ஆட்களை உக்கார வச்சுப் பேச வைக்குறதும் தான்னு நான் நம்புறேன். இன்னிக்கு ஆன்லைன்ல படம் கிடைச்சாலும் இந்த கமென்டரி பெரும்பாலும் அதோட சேந்து வராது, கிடைச்ச படமும் எப்போ தூக்குவாங்கன்னு தெரியாது.

புக்லெட்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க. கென்ட் ஜோன்ஸ் எழுதின ஒரு கட்டுரை, அப்புறம் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகைக்காரர் ஷூட்டிங் ஸ்பாட்டுலயே போய் மிச்சம் கூட இருந்து 1973-ல எழுதினது. ரெண்டாவதைப் படம் பாத்த அப்புறம் படிங்க. திரைல அவ்ளோ சோர்ந்து போயிருந்த மனுஷன் வெளில எப்படி இருந்தாருன்னு தெரிஞ்சா நடிப்போட அளவு புரியும்.

கே: நாவலை முதல்ல படிக்கணுமா, படத்தை முதல்ல பாக்கணுமா?

ப: படம் முதல்ல. நாவல் கிட்டத்தட்ட முழுக்க வசனம், யார் பேசுறாங்கன்னு பல எடத்துல நீங்களா கண்டுபிடிக்கணும். படம் பாத்துட்டுப் போனா எடி பேசும்போது மிச்சம் குரல் தானா காதுல வந்துடும், படிக்க சுலபம். திரைக்கதை எழுதினது பால் மோனாஷ், தயாரிப்பாளரும் அவரே, ஹிக்கின்ஸோட வசனத்துல பெரும்பகுதியை கை வைக்காம எடுத்து வச்சிருக்காரு. முடிக்குற எடம் தான் வேற. படம் ஃபோலி டில்லன் கூட முடியுது, நாவல் கோர்ட்டுல ரெண்டு வக்கீல் ஜாக்கி பிரவுன் கேஸைப் பத்திப் பேசிக்குறதுல முடியுது. ரெண்டுமே நல்ல முடிவு, ஆனா நான் படத்தோட பக்கம். ஏன்னா வக்கீல்கள் பேச்சுல இந்த உலகம் இப்படித் தான்னு ஒரு சலிப்பு இருக்கு, படத்துல அந்த உலகத்தை அப்படி வச்சிருக்குற ரெண்டு பேரையே நம்ம முன்னாடி நிறுத்திடுறாங்க.

பிடிச்சுப் போச்சுன்னா ஹிக்கின்ஸோட ‘கோகன்ஸ் ட்ரேட்’னு 1974-ல வந்த நாவலையும் தேடுங்க. அது 2012-ல பிராட் பிட் நடிச்ச ‘கில்லிங் தெம் சாஃப்ட்லி’யா வந்துச்சு. அதுக்கான கேள்விகளை அடுத்த இதழுக்கு அனுப்பலாம், ஆனா முதல்ல எடி கொய்லை ரெண்டு தடவை பாத்துட்டு அனுப்புங்க.